ஐம்பத்தெட்டு மனுக்கள்

திரையில் மூன்று வட்டங்கள். நடுவில் இருப்பதில் கறுப்புப் புள்ளி.

அவள் மவுஸை மூன்றாவது வட்டத்தின் மேல் கொண்டுபோய் நிறுத்தினாள். அழுத்தவில்லை.

அந்தோனியார் திருத்தலத்தின் இணையதளத்துக்கு வரும் மெயில் எங்கே போய்ச் சேர வேண்டும் என்று கேட்கும் பக்கம் அது. இந்தச் சர்வரிலேயே இருக்கட்டும் என்றது நடு வட்டம். வெளியே இருக்கும் மெயில் சேவைக்கு அனுப்பு என்றது மூன்றாவது.

பிப்ரவரியில் பங்கு அலுவலகத்தின் மெயிலைப் புதிய சேவைக்கு மாற்றியவள் அவள்தான். எல்லாவற்றையும் மாற்றினாள். இந்த ஒரு புள்ளியை விட்டுவிட்டாள்.

வெளியிலிருந்து வந்த மெயில்கள் ஒழுங்காகப் புதிய பெட்டிக்குப் போயின. அதனால் சந்தேகம் வரவில்லை. இணையதளத்தின் மனுப் படிவத்தில் எழுதியவை மட்டும் பழைய பெட்டியிலேயே விழுந்தன.

பழைய பெட்டியை யாரும் திறப்பதில்லை.

ஐம்பத்தெட்டு மனுக்கள்.

எழுதிய ஒவ்வொருவருக்கும் இணையதளம் தவறாமல் பதில் சொல்லியிருந்தது. உங்கள் மனு பெறப்பட்டது. செவ்வாய் நவநாள் செபத்தில் வாசிக்கப்படும்.

செவ்வாய்தோறும் பீடத்தின் அருகே நின்று மனுக்களை வாசிப்பவளும் அவள்தான். அந்தோனியார் சுரூபத்தின் காலடிப் பெட்டியில் தாளில் எழுதிப் போட்டவற்றை வாசித்தாள். இணையத்தில் எழுதும் பழக்கம் நின்றுவிட்டது என்று நினைத்துக்கொண்டாள்.

இன்றும் செவ்வாய். நவநாள் பூசை முடிந்ததும் ஒருவர் அலுவலக வாசலில் வந்து நின்றார். வெள்ளை வேட்டி. கையில் மடித்த குடை.

“பதினோரு செவ்வாயா வாறேன் தாயி. எங்க வீட்டுல போன்ல எழுதிப் போட்ட மனுவ வாசிக்கக் காணோம். நெறையப் பேருக்கு நெறையக் கஷ்டம் இருக்கும், நம்ம முறை வரட்டும்னு இருந்தேன்.”

பெயர் சந்தியாகு. மனைவி எமரன்சியா. ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டே எழுதினாராம். என்ன எழுதினார் என்று காட்டவில்லையாம்.

“கோயில்ல வாசிப்பாங்க, அங்க போய்க் கேட்டுக்கிடுங்கன்னுட்டா. திரும்பிப் போனதும் வாசிச்சாங்களான்னு கேப்பா. இன்னும் இல்லன்னு சொல்லுவேன்.”

“இப்ப எப்படி இருக்காங்க, அண்ணாச்சி?”

“அடக்கம் பண்ணி ரெண்டு மாசம் ஆச்சு.”

வெளியே வேப்பமரத்தடி பெஞ்சில் அவரை உட்காரச் சொல்லிவிட்டுத்தான் அவள் பழைய பெட்டியைத் தேடித் திறந்தாள்.

பட்டியலில் மேலிருந்து கீழே இறங்கினாள்.

மார்ச் பன்னிரண்டாம் தேதி மகனுக்கு விசா நேர்காணல். மருமகளின் வாய் கொஞ்சம் குறைய வேண்டும். காணாமல்போன சங்கிலி. இரண்டு வாரம் கழித்து அதே பெண்ணிடமிருந்து இன்னொன்று: சங்கிலி கிடைத்துவிட்டது, உங்கள் செபத்துக்கு நன்றி.

அந்த நன்றியையும் யாரும் வாசிக்கவில்லை.

நாற்பத்தொன்றாவதாக எமரன்சியா என்ற பெயர் இருந்தது. அதை அவள் திறக்கவில்லை. எழுந்து முதலில் பங்குச் சாமியிடம் போனாள்.

சாமி ஞாயிறு பூசையில் அறிவிக்க வேண்டிய கல்யாண ஓலை எழுதிக்கொண்டிருந்தார். அவள் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். தன் தவறு என்பதையும் சொன்னாள்.

“ஆண்டவருக்கு அன்னைக்கே போயிருக்கும்மா. நமக்குத்தான் வந்து சேரல,” என்றார். “வார செவ்வாய் எல்லாத்தையும் வாசிச்சிரு. ஒண்ணையும் விடாத. மருமக வாயையும் சேத்துத்தான்.”

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

பெஞ்சுக்குப் போனாள்.

“மனு இங்கதான் கெடந்திருக்கு, அண்ணாச்சி. நான் செஞ்ச தப்பு. மன்னிச்சிருங்க.”

சந்தியாகு குடையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார்.

“கெடச்சிருச்சுல்லா. போதும்.”

“இப்பவே எடுத்துத் தரவா?”

“வேண்டாம் தாயி. கோயில்ல கேக்கச் சொன்னா. கோயில்லயே கேட்டுக்கிடுதேன்.”

அதனால்தான் மறுபடி திரைக்கு முன்னால் வந்து உட்கார்ந்தாள்.

மூன்றாவது வட்டத்தை அழுத்தினாள். புள்ளி இடம் மாறியது. மாற்றம் சேமிக்கப்பட்டது என்று பச்சை எழுத்தில் வந்தது. படிவத்தில் தன் பெயரையே எழுதி அனுப்பிப் பார்த்தாள். புதிய பெட்டியில் வந்து விழுந்தது.

ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

பிறகு ஐம்பத்தெட்டையும் ஒவ்வொன்றாகத் திறந்து அச்சுக்கு அனுப்பினாள். தேதி கடந்தவற்றையும் அனுப்பினாள். பிரிண்டர் மெதுவாகத் தள்ளியது. நாற்பத்தொன்றாவது தாள் வந்தபோது எழுத்து சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்க்கத்தான் கையில் எடுத்தாள்.

நான்கே வரிகள்.

என் வீட்டுக்காரருக்காக.
நான் போன பிறகு பசித்தாலும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்.
யாராவது ஒருவர் அவரைச் சாப்பிட்டீர்களா என்று கேட்க வேண்டும்.
அந்தோனியாரே, உமக்குத் தெரியாததா.

தாளை மற்றவற்றோடு சேர்த்துக் கவிழ்த்து வைத்தாள்.

அடுத்த செவ்வாய்க்கு இன்னும் ஏழு நாள் இருந்தது.

மணி இரண்டே கால்.

சன்னல் வழியே பார்த்தாள். பெஞ்ச் காலியாக இருந்தது. சந்தியாகு மாதா சுரூபம் நிற்கும் கெபியைத் தாண்டிப் பஸ் நிறுத்தத்தின் பக்கம் போய்க்கொண்டிருந்தார்.

அவள் செருப்பைத் தேடவில்லை. மணல் சுட்டது.

“அண்ணாச்சி!”

நின்று திரும்பினார்.

“சாப்பிட்டீங்களா?”

அவர் சரியாகக் காதில் விழாதவர்போல ஓர் அடி கிட்டே வந்தார்.