அண்ணனின் முதல் இழுப்பு

"வேப் தலையில மாட்டற, கம்பியை நாமளே சுத்திக்கிற அடாமைசர் ஒண்ணு வேணும், அண்ணே. புதுசா பழகறவங்களுக்கு எது நல்லது?"

ரொமுலோ நிமிர்ந்தான். நாற்பது வயதுப் பெண். நகக்கண்களில் காய்ந்த பசை. செருப்புத் தொழிலுக்குப் பேர்போன மரிக்கினாவில் அப்படி விரல் இருந்தால் செருப்புப் பட்டறைக்காரி. வேப் என்கிற மின்சிகரெட்டில் அரிச்சுவடிகூடத் தெரியாத முகம்.

"உட்காருங்கக்கா. இவனை அனுப்பிட்டு வரேன்."

ஜீப்னி வண்டி ஓட்டும் டெங்கின் வேப்பைப் பிரித்து, புதுக் கம்பி சுற்றி, பஞ்சு திணித்து மாட்டினான். ஓர் இழுப்பு இழுத்து வெண்புகையைக் கூரைக்கு விட்டான். அப்புறம்தான் கொடுத்தான்.

"ஐயே, எச்சில்!" என்றாள் அவள்.

"அதுதான்க்கா இந்தக் கடையோட முத்திரை," டெங் சிரித்தான். "அண்ணன் முதல் இழுப்பு இழுக்காம ஒரு சரக்கும் வெளிய போகாது. மத்த கடைங்க ஈ ஓட்டறது எதனாலங்கறீங்க?"

அந்தப் பெயர்தான் ரொமுலோவுக்குச் சோறு போட்டது. பெயர் போனால் கடை போச்சு.

அவள் கண்ணாடிப் பெட்டியில் ஒன்றைத் தொட்டாள். "இது?"

"ரெட்டைக் கம்பிக்கா. கை நல்லாப் பழகியிருக்கணும்." குனிந்து மேஜைக்கு அடியிலிருந்து ஒன்றை எடுத்தான். மலிவாக வாங்கிப் போட்ட போலிச் சரக்கில் கடைசி. இதையும் தள்ளிவிட்டால் தலைமுழுகிவிடலாம். "இதான் உங்களுக்கு. ஒத்தைக் கம்பி. பேட்டரி போடற இந்தப் பித்தளைக் குழாய்ல திருகினா வேலை முடிஞ்சுது."

அவள் கவிழ்த்து, அடியைத் தடவினாள். "பெட்டியில இருக்கறதுல அடியில ஒரு மொட்டு நீட்டிக்கிட்டு இருக்கு. இது மொழுமொழுன்னு இருக்கே?"

சுருக்கென்றது அவனுக்கு. "அடியையா பார்க்கறீங்க?"

"செருப்பு தைக்கிறவ வேற எதைப் பார்ப்பா?"

டெங் விழுந்து விழுந்து சிரித்தான். ரொமுலோவும் சிரித்து வைத்தான். "அது பழைய மாடல்க்கா. இது புதுசு."

மொட்டு இல்லாவிட்டால் பேட்டரியின் முனை நேராகக் குழாயில் பட்டு வெடிக்கும். எல்லாமா வெடிக்கிறது? எப்போதாவது ஒன்று. அப்படித்தான் தன்னைத் தானே தேற்றிக்கொண்டு ஒன்பதை விற்றிருந்தான்.

கம்பி சுற்றினான். பஞ்சு திணித்தான். பேட்டரியைப் போடாமல் குழாயில் திருகி, குழாயையும் பேட்டரியையும் அவளிடம் நீட்டினான்.

அவளே பேட்டரியை உள்ளே போட்டு மூடினாள். திருப்பி அவன் உதட்டருகே கொண்டுவந்தாள்.

"முதல் இழுப்பு?"

ரொமுலோ முகத்தைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான். "தொண்டை கட்டியிருக்குக்கா. இன்னிக்கு நீங்களே இழுங்க."

டெங்கின் சிரிப்பு நின்றது. "என்னண்ணே, இப்பத்தானே எனக்கு இழுத்தீங்க?"

குழாய் அவன் உதட்டருகிலிருந்து நகரவில்லை.

"அன்னிக்கும் தொண்டைக் கட்டுன்னுதான் சொன்னீங்களாம்," என்றாள் அவள். "என் தம்பி எழுதிக் காட்டினான், அண்ணே. பேசறதுக்கு அவனுக்குத் தாடை இல்ல."