கண் வட்டத்தில் யாருமில்லை

தேவேந்திரனுக்கு இடுப்பு நிமிரவில்லை. செஞ்சி மார்க்கெட் கமிட்டியில் விடிந்ததிலிருந்து இரண்டு லாரிக்கு நெல் மூட்டை ஏற்றியவன், மூன்றாவது லாரி வருவதற்குள் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு வந்துவிட்டான்.

மகள் நிலாவுக்கு டிசி வாங்க வேண்டும்.

ஹெட்மாஸ்டர் மீட்டிங் போயிருந்தார். சாப்பாட்டு நேரத்துக்குள் வந்துவிடுவார் என்றார்கள். இரண்டாம் வகுப்பு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். பிடிக்காமல் நிற்க முடியவில்லை.

பள்ளிக்கூடத்துப் பூதக்கண்ணாடி காணாமல் போய், அதை நிலாதான் எடுத்தாள் என்று ஊரே பேசியாகிவிட்டது. திருடி என்று பேர் வாங்கிய பிள்ளையை அந்தத் தெருவில் எப்படி வளர்ப்பது. நாளையிலிருந்து அனந்தபுரம். அவன் அக்கா வீடு. அங்கேயே பள்ளிக்கூடம்.

உள்ளே மணிமொழி டீச்சர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, தரையில் சாக்பீஸால் மூன்று வட்டம் போட்டுக்கொண்டிருந்தார். ஒன்றில் கண் வரைந்தார். ஒன்றில் காது. ஒன்றில் தலை. தலைக்கு நாலு முடி போட்டதும் பிள்ளைகள் சிரித்தன.

"நான் ஒன்னு சொல்லுவேன். நீங்களே பாத்திருந்தா கண்ணுல நில்லுங்க. யாராவது சொல்லிக் கேட்டிருந்தா காதுல. நீங்களா நெனச்சிருந்தா தலையில. சரியா? ராஜா கோட்டை மேல பேய் இருக்குது."

வகுப்பே காதுக்கு ஓடியது. சேரன் மட்டும் கண் வட்டத்தில் நெஞ்சை நிமிர்த்தி நின்றான்.

"நீ பாத்தியாடா?"

"எங்க நைனா பாத்தாரு டீச்சர்."

"அப்ப உங்க நைனா வந்து கண்ணுல நிக்கட்டும். நீ காதுக்குப் போ."

"அவரு அன்னிக்குக் குடிச்சிருந்தாருன்னு எங்கம்மா சொல்லுது டீச்சர்."

"அதுவும் காதுதான். போ."

பாடம் நடத்தச் சொன்னால் பாண்டி ஆடுகிறார்கள் என்று தேவேந்திரன் நினைத்தான்.

டீச்சர் கையில் இருந்த சாக்பீஸ் மாவைத் தட்டினார். கொஞ்சம் யோசித்தார்.

"பூதக்கண்ணாடியை நிலா எடுத்துட்டா."

தேவேந்திரனின் பிடி கம்பியில் இறுகியது.

மறுபடியும் எல்லாம் காதுக்கு ஓடின. வட்டம் கொள்ளவில்லை. ஒன்றின் காலை ஒன்று மிதித்தது. நிலா மட்டும் சுவரோரம் நின்ற இடத்திலேயே நின்றாள்.

டீச்சர் விடவில்லை. யார் சொன்னது என்று அன்புக்கரசியைக் கேட்டார். அவள் சுவாதியைக் காட்டினாள். சுவாதி, எங்கம்மா சொல்லிச்சு என்றாள். உங்கம்மாவுக்கு யார் சொன்னது? அந்தப் பிள்ளை கையை நீட்டியது, வாசலுக்கு.

வாசலில், முட்டைக்குத் தலை எண்ண வந்த சமையல்காரம்மா பவுனம்மாள் நின்றிருந்தார்.

"உங்களுக்கு யாரு பவுனம்மா சொன்னது?"

"நல்லா கேட்டீங்க போங்க. நீங்கதான டீச்சர் சொன்னீங்க. கை கழுவிக்கினே. அந்தப் பொண்ணு கண்ணு அதுமேலயே இருந்துச்சு, வேற யாரு எடுத்திருப்பாங்கன்னு."

சமையல்கட்டில் குழம்பு கொதிப்பது கேட்டது.

காது வட்டத்துக்குள் இருந்து சேரன்தான் கேட்டான். "நீங்க பாத்தீங்களா டீச்சர்?"

"பாக்கல."

டீச்சர் நடந்து போய்த் தலை வட்டத்தில் நின்றார். தனியாக. கண் வட்டத்தில் யாருமில்லை.

"நிலா, நீ எடுத்தியாம்மா?"

"இல்ல டீச்சர்." பிறகு, யார் மேலும் குறை இல்லாத குரலில் சொன்னாள். "யாரும் என்னைக் கேக்கல."

"தப்பு என்னுது. பாக்காம சொல்லிட்டேன். என்னை மன்னிச்சுக்கோ."

அத்தனை பிள்ளைகள் முன்னால், சமையல்காரம்மா முன்னால் சொன்னார். தேவேந்திரன் இப்படி ஒன்றைக் கண்டதில்லை. அவன் வேலை செய்யும் இடத்தில் எடையைத் தப்பாகப் போட்டவன் தராசைத் திட்டுவான். மூட்டையை நழுவ விட்டவன் கீழே நின்றவனைத் திட்டுவான்.

டீச்சர் அப்போதுதான் ஜன்னலைப் பார்த்தார். "நிலா அப்பாவா? வாங்க. எதுனா விஷயமா?"

"ஒன்னும் இல்ல டீச்சர். சும்மா இந்தப் பக்கம் வந்தேன்."

நிலா பையை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். காலையில் அவன் தயாராக இருக்கச் சொல்லியிருந்தான்.

"போலாமா நைனா?"

"வேணாம். அனந்தபுரம் வேணாம். நீ போயி உக்காரு."

அவள் சரி என்றாள். ஏன் என்று கேட்கவில்லை. திரும்பிப் போய்ப் பையைக் கழற்றினாள். ஒரு தோளை முதலில், பிறகு இன்னொன்றை, பை முதுகில் உராயாமல் மெல்ல.

அவன் பார்த்துக்கொண்டு நின்றான்.

நேற்று சாயந்தரம் டீக்கடையில் ஆனந்தராஜ் சொன்னான், உன் பொண்ணு கை நீளமாமே என்று. தேவேந்திரன் குடித்த டீயைக்கூட முடிக்காமல் எழுந்தான். போகும் வழியிலேயே புளியங்குச்சி ஒடித்தான். வீட்டு வாசலில் அவள் பல்லாங்குழிக்குப் புளியங்கொட்டை பொறுக்கிக்கொண்டிருந்தாள். நீ எடுத்தியா என்று அவன் கேட்கவில்லை. குச்சி முறிகிற வரை அடித்தான்.

வெளியே ஹெட்மாஸ்டரின் வண்டிச் சத்தம் கேட்டது. தேவேந்திரன் அந்தப் பக்கம் போகவில்லை. லாரி வந்திருக்கும் என்று பஸ் ஸ்டாண்டு ரோட்டைப் பார்த்து நடந்தான்.

டீச்சர் தான் தர வேண்டியதைத் தந்துவிட்டார். மகளிடம் அவன் கேட்க வேண்டிய மன்னிப்பு இன்னும் பாக்கி.