நூறு அடி தள்ளி

பிற்பகல் மூன்று நாற்பது. விரிகுடாவில் நங்கூரமிட்டு நின்றவை பதினோரு படகுகள். அவற்றில் ஒன்று, எல்லோரும் 'கேப்டன்' என்று கூப்பிடுபவரின் படகு. கப்பல் எதையும் அவர் ஓட்டியதில்லை. மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார்.

மாமனார் வந்திருந்தார். இந்தப் படகில் தன் மகளை ஏற்றலாமா, கூடாதா என்று பார்த்து முடிவு சொல்ல.

"காலையில ஏன் மாப்பிள்ளை ரெண்டு தடவை நங்கூரம் போட்டீங்க?"

"முதல் இடம் பிடிக்கல மாமா. தூக்கும்போது எதிலயோ மாட்டிக்கிச்சு. ஒரே இழு, வந்துடுச்சு."

காற்று எழுந்தது. முன்னால் நின்ற பேக்கரிக்காரரின் படகு, நங்கூரத்தை இழுத்துக்கொண்டே இவர்களை நோக்கிப் பின்வாங்கி வந்தது.

கேப்டன் ஹாரனை அழுத்தினார். எஞ்சினைக் கிளப்பினார்.

"மாமா, இடிச்சா தாங்க அந்த டயரை நடுவுல தொங்க விடுங்க! கையை வெளியே நீட்டாதீங்க!"

மாமனார் டயரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார்.

பேக்கரிக்காரர் தூக்கம் கலைந்து ஓடிவந்தார். எஞ்சின் உறுமியது. ஒரு முழ இடைவெளியில் படகு விலகியது.

"நங்கூரம் போடத் தெரியலைன்னா வீட்டுத் தொட்டியில படகு விடணும் சார்! பெரியவர் இருக்கிற படகு இது!" என்று கத்தினார் கேப்டன்.

"தப்பு என்னுதுதாங்க. மன்னிச்சிடுங்க" என்ற பேக்கரிக்காரர், தள்ளிப் போய் மறுபடி நங்கூரம் போட்டார்.

"சரியான நேரத்துல பார்த்தீங்க மாப்பிள்ளை. அடுத்த தடவை அவளையும் கூட்டிட்டுப் போங்க" என்றார் மாமனார்.

காற்று அடங்கியது. தண்ணீர் மேல் பேச்சு வெகுதூரம் வரும். பேக்கரிக்காரர் மனைவியின் குரல் வந்தது.

"காலையில அந்த ஆளு இழுத்த இழுப்புலதான் நம்ம நங்கூரம் பிடி விட்டிருக்கு. நம்ம படகே ஆடுச்சே! நீங்க எதுக்குங்க மன்னிப்புக் கேட்டீங்க?"

"தெரியும். பக்கத்துல மாமனார் நிக்கிறார், பார்த்தியா?"

கேப்டன் மெல்லத் திரும்பினார். மாமனார் சட்டையில் ஒட்டிய டயர்க் கறையைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"மாமா... கேட்டுச்சா?"

"எனக்குக் காது கொஞ்சம் மந்தம் மாப்பிள்ளை."

காலையிலிருந்து ஒரு தடவைகூட அவர் 'என்ன?' என்று கேட்டதில்லை.

மே 3, ஞாயிறு, அடுத்த பயணம். மாமனாரின் மகளும் படகேறினாள். கேப்டன் ஒரே தடவையில் நங்கூரம் போட்டார், பேக்கரிக்காரர் படகிலிருந்து நூறு அடி தள்ளி.