வைத்தியரின் நிறம்

கோட்டைக்குப்பம் பள்ளிக்கூடச் சுவரில் மாலை வெயில் சாய்ந்து விழுகிறது. 'உலகுக்கு அறிவியல் தந்தவர்கள்' என்ற தலைப்பின் கீழ் கிரேக்கர், அரேபியர், இந்தியர் என்று வரிசையாக முகங்கள். எல்லோருக்கும் முன்னால் இருப்பவர் நைல் நதிக்கரையின் பண்டைய ஆப்பிரிக்க வைத்தியர். முறிந்த கையொன்றுக்குச் சிம்பு வைத்துக் கட்டிக்கொண்டிருக்கிறார். தான் வரைந்த அந்த முகத்தின் மேல்தான் தனசேகர் வெளிர் ரோஸ் பெயிண்டைப் பூசுகிறான். படகுகளுக்குப் பேர் எழுதுகிற பிரஷ் அது. கடலோர ஏரிக் காற்றில் கருவாட்டு வாடையோடு டர்பன்டைன் நெடியும் கலந்து வருகிறது. சாப்பாட்டுத் தூக்கோடு வந்த தங்கை அம்பிகா அப்படியே நின்றுவிடுகிறாள்.

"இன்னாண்ணா, நைனா மூஞ்ச அழிக்கிற?"

"நைனா இல்லம்மா, வைத்தியரு. பள்ளிக்கூடக் கமிட்டிக்காரங்க வந்து பாத்தாங்க. இவ்ளோ கறுப்பா இருந்தா கூலியாளுன்னு நெனச்சிப்பாங்களாம், வைத்தியர்னு எவனும் நம்ப மாட்டானாம்."

"டீச்சர் குடுத்த படத்துல கறுப்பாதான இருந்தாரு?"

அவன் பிரஷை மறுபடியும் பெயிண்டில் தோய்க்கிறான். கறுப்பு முகம் என்றதும் அவன் கை, கடலுக்குப் போய் உடம்புகூடக் கரை சேராத நைனாவைத்தான் வரைந்திருந்தது. நெற்றி மறைகிறது, மூக்கு மறைகிறது. எந்த முகத்தை வரைந்தாலும் கண்ணைக் கடைசியில் திறப்பது அவன் வழக்கம். இப்போதும் கண்களைத்தான் கடைசிக்கு விட்டுவைத்திருக்கிறான். வெளுத்துப்போன முகத்திலிருந்து அவை பார்க்கின்றன.

"சீக்கிரம் மூடுண்ணா," என்று அம்பிகா ஏரிப் பக்கம் திரும்பிக்கொள்கிறாள்.

தனசேகரின் கறுத்த கை ஒரு கண்ணை மூடுகிறது. இன்னொன்று அவனையே பார்த்துக்கொண்டிருக்கிறது.