மூன்றாம் சிலிண்டர்

வண்டிக்கு அடியில் மல்லாந்து கிடந்த என் மூக்குக்கு நேராக வந்து நின்றன அவனுடைய வெள்ளைச் செருப்புகள்.

ஆயில் வாடையைத் தாண்டி சென்ட் வாடை அடித்தது.

"மச்சான், இடது பக்கம் டிக் டிக்னு ஒரு சத்தம் வருது. அது மட்டும் கேக்கவே கூடாது."

மச்சானாம்! என் தங்கையைக் கைக்குழந்தையோடு என் வீட்டு வாசலில் இறக்கிவிட்டு, வேறொருத்தியோடு போய் இரண்டு வருஷம் ஆகிறது. இன்னும் நான் இவனுக்கு மச்சான்.

சோற்றில் உப்புப் போட்டுத் தின்கிறவனாக இருந்தால் இந்த ஷெட் இருக்கும் திசையில் தலைவைத்துப் படுப்பானா? இவன் வருவான். இந்தப் பழைய வண்டிக்கு எஞ்சின் பின்னால் இருக்கிறது. ரேடியேட்டர் கிடையாது, தண்ணீர் கிடையாது, வெறும் காற்றில் ஆறுகிற எஞ்சின். அதற்கு வால்வு இடைவெளி பார்த்து டேப்பெட் வைக்க ஊரில் என்னை விட்டால் ஆள் இல்லை.

நேற்று சாயங்காலமே கொண்டுவந்து விட்டுவிட்டான். ராத்திரி முழுக்க ஆறி ஜில்லென்று கிடந்தால்தான் அளவு சரியாக வரும்.

எட்டு வால்வுகள். ஒவ்வொன்றின் தலையிலும் மயிரிழை இடைவெளி வேண்டும். அளவுத் தகட்டை அதற்குள் விட்டு இழுத்தால், லேசாகப் பிடித்துப் பிடித்து வர வேண்டும். ஏழையும் முடித்துவிட்டேன். அவன் குறை சொன்ன ஒன்றை மட்டும் கடைசிக்கு வைத்திருந்தேன்.

"மச்சான், உங்ககிட்ட ஒரு விஷயம் பேசணும்..."

"வண்டியைப் பத்தி மட்டும் பேசு."

செருப்பு நுனி தரையைத் தேய்த்தது. என்ன பெரிய விஷயம்? விவாகரத்துக்குக் கையெழுத்து வாங்கித் தரச் சொல்லிக் குழைவான். தூ.

மூன்றாம் சிலிண்டரின் எக்ஸாஸ்ட் வால்வு. இந்த எஞ்சினிலேயே பாவப்பட்ட ஜென்மம் அதுதான். காற்று சரியாக எட்டாத மூலை, இருக்கிற சூட்டையெல்லாம் வாங்கிக் கட்டிக்கொள்ளும். தகட்டை விட்டுப் பார்த்தேன். அளவு கச்சிதமாக இருந்தது.

அந்த டிக் டிக் கோளாறே இல்லை. இடைவெளி ஒழுங்காக இருக்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம். சத்தம் போடுகிற வால்வு சாகாது. இடைவெளியை இறுக்கி அதன் வாயை அடைத்தால் முழுசாக மூட முடியாமல் நின்று, சூடேறிக் கருகிவிடும். வேறு யாராக இருந்தாலும் இதைத்தான் சொல்லி, ஒரு டீயும் வாங்கிக் கொடுத்து அனுப்பியிருப்பேன்.

"வண்டி எங்கே போகுது?"

"மலை தாண்டி அந்தப் பக்கம் மச்சான். வீடு பார்த்திருக்கேன். இன்னிக்கே கிளம்பணும்."

முன் சீட்டுக்குப் பூப்போட்ட புது உறை போட்டிருந்தான். யார் உட்கார என்று நான் கேட்கவில்லை. அவள் பேரைக் கேட்டால் என் வாய்தான் நாறும்.

முப்பது வருஷத்தில் நான் ஒரு நட்டைக்கூடத் தெரிந்து தப்பாக முறுக்கியதில்லை. ஆகாதவன் வண்டியும் எனக்கு வண்டிதான்.

ஸ்க்ரூவைக் கால் சுற்று உள்ளே இறக்கினேன். தகட்டை விட்டுப் பார்த்தேன், நுழையவில்லை. நட்டை இறுக்கினேன்.

சத்தம்தானே கேட்கக் கூடாது? கேட்காது. மலையேற்றத்தில் வால்வு கருகட்டும். ஈ காக்கா இல்லாத ஏதோ ஒரு வளைவில் எஞ்சின் நிற்கட்டும். அந்தப் பூப்போட்ட சீட்டுக்காரியும் நீயும் விடிய விடிய உட்கார்ந்து ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பாருங்கள்.

மூடியைப் போட்டு, வண்டியைக் கிளப்பிக் காட்டினேன். தையல் மெஷின்கூட அவ்வளவு சாதுவாக ஓடாது.

அவன் ஆயில் படிந்த என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். கண் கலங்கியிருந்தது. சினிமாவில் சேர்ந்திருந்தால் எங்கேயோ போயிருப்பான். கையை உருவிக்கொண்டேன்.

வண்டி தெருமுனை திரும்பியதும் சோப்புத் தூளைக் கொட்டி மூன்று முறை கை கழுவினேன். அந்தச் சென்ட் போகவில்லை.

மத்தியானம் போன் அடித்தது. தங்கை. அவள் துணிக்கடையில் இருக்க வேண்டிய நேரம். பின்னால் உய்யென்று காற்றுச் சத்தம் கேட்டது.

"அண்ணே, கோவிச்சுக்காதே. ஒரு மாசமா வந்து வந்து அழுதாரு. நானும் யோசிச்சுத்தான் முடிவெடுத்தேன். காலையில உன்கிட்ட நேர்ல சொல்லிடலாம்னுதான் வந்தாராம். நீ வாயைத் தொறக்கவே விடலையாமே."

"எங்கே இருக்கே?"

"பாதி மலை ஏறிட்டோம்."

"வண்டியை நிறுத்தச் சொல்லு. இப்பவே!"

"ஏண்ணே, வண்டிக்கு என்ன?"

என்ன என்று சொல்ல வேண்டும். ஒரே ஒரு வாக்கியம். அதைச் சொன்னால் நிறுத்திவிடுவாள். அதற்குப் பிறகு என் முகத்தில் விழிக்கமாட்டாள். வாய் வரை வந்தது, காறித் துப்ப வேண்டிய எச்சில் மாதிரி அங்கேயே நின்றது.

அவள் சிரித்தாள்.

"அவரைப் பிடிக்கலைன்னா அவரைத் திட்டு, வண்டி மேல பழி போடாதே. அவரை நம்பி ஒண்ணும் நான் ஏறலை. நீ கை வெச்ச வண்டிங்கற தைரியத்துலதான் பாப்பாவைத் தூக்கிட்டு ஏறினேன்."