பத்து முழம் கயிறு

ராக்கெட்டுகள் எரிபொருள் இல்லாமல் மேலே போவதற்காக ஞாயிறுதோறும் மதியம் ஒரு மணி நேரம் புவியீர்ப்பை நிறுத்தி வைத்தார்கள். ஊர்ச்சனம் அந்த நேரம் பார்த்துத்தான் பீரோவையும் ஆட்டுக்கல்லையும் இடம் மாற்றும். தவமணிக்கும் அன்று ஒருநாள்தான் கால் விளங்காத கணவர் சபாபதி கனக்கமாட்டார். மற்ற ஆறு நாளும் அவரைத் தூக்கித் தூக்கியே இடுப்பு விட்டுப்போயிருந்தது.

"திங்கத் தெரியுது, மெதுவாத் தூக்கத் தெரியலையா?" பதினோரு வருடமாக அவர் வாயில் இதே பேச்சு.

இன்று அவர் இடுப்பில் கயிற்றைக் கட்டி, மொட்டைமாடியிலிருந்து மேலே தள்ளிவிட்டாள். தென்னை உச்சியைத் தாண்டியதும் சபாபதி சிரித்தார்.

"இன்னும் விடுடி."

விட்டுக்கொண்டே இருந்தாள். சங்கு ஊதியது. ஐந்து நிமிடத்தில் எடை திரும்பிவிடும். எதிர்மாடியில் மிதந்த பிள்ளைகளை அவரவர் வீட்டார் இழுத்துக்கொண்டார்கள்.

"போதும், இழு."

தவமணி அண்ணாந்து பார்த்தாள்.

"ஏய், சங்கு ஊதினது காதுல விழலையா?"

"விழுந்துச்சுங்க," என்றாள். குரல் எப்போதும்போல் பணிவாகவே இருந்தது. "கயிறு இன்னும் பத்து முழம் இருக்கு."

அதையும் நிதானமாக விட்டாள்.