நாலரைக்கு முன்னால்

ஒரே ஒரு ஊரிலே ஒரே ஒரு ஆறாம். ஆற்றை ஒட்டி ஒரு வீடாம். அந்த வீட்டுக்காரருக்கு நல்ல நேரம் பார்க்காமல் தும்மல்கூட வராதாம்.

ஊர், கிள்ளான். வீடு, வெள்ளைக்காரன் காலத்து மாடிவீடு. மரப்படிக்குப் புது மெருகு, சுவருக்குப் புதுச் சாயம், கீழே முழுக்க வழவழவென்று புதுத் தரை. விற்பனைக்குத் தயார்.

அதை வாங்கத்தான் சின்னையா மனைவி சந்திரகலாவோடு வந்திருந்தான். ராப்பகலாய் லோரி ஓட்டிச் சேர்த்த காசு, முன்பணமாய் அவள் கைப்பையில் இருந்தது.

"வந்ததே லேட்டு," என்றார் வீட்டுக்காரர் வல்லிபுரம். ஓய்வு பெற்ற அரசாங்க அதிகாரி. நெற்றி நிறையத் திருநீறு. "ஞாயிற்றுக்கிழமை, நாலரைக்கு ராகு காலம். அதுக்கு முன்னம் கையெழுத்து வைச்சு, நீங்கள் வாசலைத் தாண்டிவிட வேணும்."

"அமாவாசையா பார்த்துத்தான் நாங்க இந்த நாளைக் கேட்டோம் ஐயா. நிறைஞ்ச நாளுல்ல," என்றாள் சந்திரகலா.

"ஓம், ஓம்," என்றார் அவர், அரை மனசாக.

முன்பு வீடு பார்க்க வந்தபோதெல்லாம் அவரேதான் பஞ்சாங்கம் பார்த்து நாளும் நேரமும் குறித்தார். 'பெரிய மனுஷன்னா இப்படி இருக்கணும்' என்று சின்னையா பார்த்தவனிடமெல்லாம் சொல்லி வைத்திருந்தான்.

வல்லிபுரத்தின் மனைவி குணபூசணி வந்தாள். இருவரையும் மேலும் கீழும் பார்த்தாள்.

"நீங்கள் எந்தப் பக்கத்து ஆக்கள்?"

சின்னையாவுக்குச் சுருக்கென்றது. இந்தக் கேள்வி எங்கே போய் முடியும் என்று அவனுக்குத் தெரியும்.

"டெங்கில் பக்கம். அப்பா ரப்பர் எஸ்டேட்டுல பால்மரம் வெட்டினாரு."

"கீழ் அறையிலை ஆர் படுக்கிறது?"

"எங்கம்மா. படுத்த படுக்கைதான், எந்திரிக்க முடியாது. அவங்களுக்காகத்தான் கீழ ரூம் உள்ள வீடா தேடுனோம்."

குணபூசணி கணவரைப் பார்த்தாள். அவர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"கோப்பி குடிச்சிட்டுத்தான் மற்றதெல்லாம்," என்று உள்ளே போனாள்.

போனவள் வரவில்லை.

"குணம்! பிறகு குடிக்கலாம். என்ரை கண்ணாடி எங்கை? கண்ணாடி இல்லாமல் எப்பிடிக் கையெழுத்து வைக்கிறது?"

"அங்கைதான் கிடக்கும். தேடுங்கோ."

வல்லிபுரம் மேசைக்கு அடியில் தேடினார். சாமிப் படத்துக்குப் பின்னால் தேடினார். வேர்த்து, திருநீறு கரைந்து மூக்கில் வழிந்தது.

ஒருவழியாகக் காப்பி வந்தது. சின்னையா ஒரு வாய் வைத்தான். சீனியே இல்லை. கோப்பையைத் தள்ளி வைத்தான்.

"பாத்தியா?" என்று மனைவியின் காதில் கடித்தான். "எஸ்டேட்டுக்காரன் இந்தப் படியில ஏறக்கூடாதாம். அதுக்குத்தான் இவ்ளோ ஆட்டம்."

"சும்மா இருங்க. வீடு நமக்கு வேணும்."

"கண்ணாடி வேண்டாம். இடத்தைக் காட்டுங்கோ, குத்துமதிப்பா வைக்கிறன்!" வல்லிபுரம் பேனாவைத் திறந்தார்.

அந்த நேரம் பார்த்து குணபூசணி அவருடைய கோப்பையை நீட்டினாள். கோப்பை அவர் கையில் தட்டியது. காப்பி முழுக்க ஒப்பந்தப் பத்திரத்தின் மேல்.

சின்னையா எழுந்துவிட்டான். "அம்மா! நேராவே சொல்லிடுங்க. எங்களுக்கு விக்க மனசு இல்ல, அதானே?"

அவள் முகம் அசையவில்லை. "துடைக்கத் துணி பின்னாலை குசினியிலை கிடக்கு. நீங்களே போய் எடுங்கோ தம்பி."

வந்த விருந்தாளியை வேலை ஏவுகிறாள்!

"அவர் ஏன் போக வேணும்? நான் போறன்!" என்று வல்லிபுரம் அலறினார்.

"இருங்க ஐயா. எங்களுக்குத் துடைக்கிற வேலை புதுசு இல்ல!"

காதில் புகை வர, சின்னையா விறுவிறுவென்று சமையல்கட்டுக்குள் நுழைந்தான்.

நுழைந்தவன் நின்றுவிட்டான்.

மூலையில் தண்ணீர் போகும் துவாரம் குபுகுபுவென்று பொங்கிக்கொண்டிருந்தது. லொங்காங் சாக்கடைத் தண்ணீர், கறுப்பாய், நாற்றத்தோடு, புதுத் தரையில் பரவி அவன் காலை நனைத்தது. அவனைத் தாண்டி, கீழ் அறை வாசல் பக்கம் ஊர்ந்தது.

கடிகாரம் நாலரைக்கு ஒரு தட்டுத் தட்டியது.

அவன் திரும்பி வந்தபோது வல்லிபுரம் பஞ்சாங்கத்தை மூடியிருந்தார். இரண்டு கால்களையும் நாற்காலி மேல் தூக்கி வைத்திருந்தார்.

"இது ராகு காலம் இல்லை தம்பி," என்றாள் குணபூசணி. "கடல் ஏறுற நேரம். அமாவாசை, பௌர்ணமி வந்தால் ஆறு பொங்கி வீட்டுக்குள்ளை வரும். கடலை விட்டு உள்ளுக்கை இருக்கிற டெங்கில் பக்கத்து ஆக்களுக்கு இது தெரிய நியாயமில்லை. நாங்கள் மாடிக்கு ஏறிவிடுவம். உங்கடை அம்மாவை ஒவ்வொரு தரமும் ஆர் தூக்குறது?"

தண்ணீர் மேசைக்காலைத் தொட்டது.

சந்திரகலா கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எழுந்தாள்.

சின்னையா தள்ளி வைத்த கோப்பையை எடுத்தான். ஆறிப்போன, சீனியில்லாத காப்பியை நின்றபடியே கடைசிச் சொட்டு வரை குடித்தான்.

"சீனி போட மறந்திட்டன் போலை," என்றாள் குணபூசணி.

"சரியா இருந்துச்சும்மா," என்றான். கோப்பையை இரண்டு கையாலும் அவளிடம் கொடுத்தான்.

"இனி இந்த வீட்டை ஆர் வாங்குவான்?" வல்லிபுரம் தலையில் கை வைத்தார். "படுபாவி, என்ரை கண்ணாடியாவது எங்கை?"

வாசலைத் தாண்டிய சின்னையா திரும்பிப் பார்த்தான்.

குணபூசணி இடுப்புச் சேலை மடிப்பிலிருந்து மூக்குக் கண்ணாடியை எடுத்தாள். தூக்கி வைத்திருந்த அவர் முழங்கால் மேல் வைத்தாள். "இந்தாங்கோ. இனி வடிவாப் பாருங்கோ," என்றாள். சேலையைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, மெருகேற்றிய படியில் ஏறிப் போனாள்.